கோவைக் கருவூலமும் பேசாத சாட்சிகளும்

ஆண்டுதோறும் நவம்பர் 24ஆம் நாளைக் கோவை மக்கள் தங்கள் நகரின் பிறந்தநாளாகக் கொண்டாடி வருகின்றனர். 1804ஆம் ஆண்டு அந்த நாளில்தான் கோயம்புத்தூர் மாவட்டத் தலைநகராயிற்று என்பது அக்கொண்டாட்டத்தின் அடிப்படை. அன்றைய மேடைகளில் சிறுவாணி நீரின் சுவை பேசப்படுகிறது. பஞ்சாலைகளின் பெருமையும் கொங்கு உழவரின் உழைப்பும் பேசப்படுகின்றன. அவை பேசத்தக்கவையே. ஆயினும், தலைநகரான பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளுக்குள் இதே நகரின் கச்சேரியில் வெளிப்பட்ட ஒரு பெருங்களவைப் பற்றி நாம் அதிகம் பேசுவதில்லை. ஒரு நகரம் தன் பெருமையை மட்டுமே நினைவில் வைத்திருந்தால் அதன் நினைவு பாதி நினைவே ஆகும். மறுபாதியையும் திரும்பிப் பார்ப்பது நமக்கு நல்லது என்ற எண்ணத்தில் இக்கட்டுரையைத் தொடங்குகிறோம்.

1799 மே மாதத்தில் சீரங்கப்பட்டணம் வீழ்ந்து திப்பு சுல்தான் மடிந்தபின், கொங்கு நாட்டின் பெரும்பகுதி ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு வந்தது. முதலில் நொய்யலாற்றை எல்லையாகக் கொண்டு, வடக்கே ஒரு கலெக்டரும் தெற்கே ஒரு கலெக்டருமாக இருவர் ஆண்டனர். பின்னர் இரண்டும் ஒன்றாக்கப்பட்டுக் கோயம்புத்தூர் மாவட்டம் உருவாயிற்று. இன்றைய ஈரோடு, திருப்பூர், கரூர்ப் பகுதிகளும், நீலகிரியும், மைசூர்ப் பக்கத்துக் கொள்ளேகாலமும் அடங்கிய பெருநிலப்பரப்பு அது. இவ்வளவு பெரிய நாட்டின் வரிப்பணம் முழுவதும் ஒரே கச்சேரியின் கருவூலத்தை நோக்கி ஓடியது.

அந்தப் பணம் எப்படிப்பட்டது? நொய்யல், பவானி, அமராவதி ஆற்றோரங்களை விட்டால் கொங்கு நாடு வறண்ட நாடு. கிணறு வெட்டி, எருது பூட்டிக் கவலை இறைத்துத்தான் நம் முன்னோர் தோட்டம் வளர்த்தனர். அப்படித் தம் செலவில் வெட்டிய கிணற்றால் விளைந்த தோட்டக்காலுக்கும் சாதாரணப் புன்செய்யைவிடக் கூடுதலான தீர்வை விதிக்கப்பட்டது. எனவே, கருவூலத்துள் விழுந்த ஒவ்வொரு பணத்திலும் எருதின் மூச்சும் உழவனின் வியர்வையும் கலந்திருந்தன. ‘சர்க்கார் பணம்’ என்று நாம் இன்று மிக எளிதாகச் சொல்லிவிடுகிறோம். சர்க்காருக்கென்று தனியே ஒரு வயலும் இல்லை, ஒரு கிணறும் இல்லை. அது மக்கள் பணமே.

இந்தப் பணம் கருவூலத்தை அடையுமுன் பல கைகளைக் கடந்தது. ஊரில் மணியக்காரர் வசூலித்தார், கணக்குப்பிள்ளை எழுதினார். தாலுகாவில் தாசில்தார் பெற்றுக்கொண்டார். கலெக்டர் கச்சேரியில் சிரஸ்தார் கணக்கைச் சரிபார்த்தார். பொக்கிஷக்காரர் பணத்தை எண்ணிப் பெட்டியில் வைத்தார். வராகனும் பணமும் ரூபாயுமாகப் பலவகை நாணயங்கள் அன்று வழங்கின. ஒன்றை மற்றொன்றாக மாற்றும்போது ‘வட்டம்’ என்ற பெயரில் ஒரு பகுதி கழிக்கப்பட்டது. மழை பொய்த்த ஆண்டில் அரசு வழங்கும் தள்ளுபடி, உழவனைச் சேர்ந்ததா அல்லது இடையிலேயே நின்றுவிட்டதா என்பது எழுதுகோல் பிடித்தவருக்கே தெரியும். தென்னாட்டுக் கச்சேரிகள் பலவற்றில் மேற்கணக்குகள் மராத்தியில் எழுதப்பட்டன. கொங்கு உழவனுக்குத் தமிழ் எழுத்தே எட்டாத காலம் அது. தன் பெயரால் எழுதப்பட்ட கணக்கைத் தானே படிக்க இயலாதவனாக அவன் நின்றான்.

கலெக்டரோ கடல் கடந்து வந்தவர். நாட்டு மொழியும் வழக்கமும் முழுமையாக அறியாதவர். இத்தகைய அமைப்பில், கலெக்டருக்கும் மக்களுக்கும் இடையில் நின்ற ஒருவர் கெட்டிக்காரராகவும் பேராசைக்காரராகவும் அமைந்துவிட்டால் என்ன நேரும் என்பதைக் கோவை காட்டிற்று.

காசிச் செட்டியின் கதை

அக்காலத்தில் கோவைக் கலெக்டராக இருந்தவர் வில்லியம் காரோ. நீலகிரி மலையின் வரலாறு படித்தோர் இப்பெயரை அறிவர். 1812இல் அம்மலையைப் பார்த்து அளந்து வருமாறு வில்லியம் கீஸ் என்ற நில அளவையாளரை அனுப்பியவர் இவரே. தொலைவில் உயர்ந்து நின்ற மலையை அளக்க ஆள் அனுப்பிய காரோ, தம் அறைக்கு அருகில் இருந்த பெட்டியை அளக்கத் தவறினார். அவருடைய கச்சேரியில் பொக்கிஷக்காரராக இருந்த காசிச் செட்டி, பொக்கிஷத்தின் சாவியோடு கச்சேரியின் செல்வாக்கையும் தம் கைக்குள் கொண்டுவந்துவிட்டார். கருவூலப் பணம் கையாடப்பட்டது. அரசின் தனியுரிமையாக நடந்த புகையிலை வாணிகமும் இந்த வலைக்குத் தப்பவில்லை.

உண்மை வெளிப்படத் தொடங்கியபோது சென்னை அரசு திடுக்கிட்டது. 1815இல் ஜான் சல்லிவன் கோவைக்குப் பொறுப்புக் கலெக்டராக வந்தார். பின்னாளில், 1819இல், நீலகிரி ஏறி உதகமண்டலம் உருவாகக் காரணமாயிருந்த அதே சல்லிவன்தான் இவர். இந்த முறைகேடுகளை விசாரிக்கத் தாமஸ் மன்றோவும் சல்லிவனும் ஆணையர்களாக அமர்த்தப்பட்டனர். மன்றோ இப்பகுதிக்குப் புதியவர் அல்லர். 1792 முதல் 1799 வரை அலெக்சாண்டர் ரீடின் கீழ், சேலத்தை அடுத்த பாரமகாலில் ஊர் ஊராக நடந்து நிலவரி வகுத்தவர். உழவனோடு திண்ணையில் அமர்ந்து பேசிப் பழகியவர். கணக்கில் எழுதப்பட்டிருப்பதும் களத்தில் நடப்பதும் வேறு வேறாக இருக்கக்கூடும் என்பதைத் தம் கண்ணால் கண்டவர்.

விசாரணை நடந்தது. களவு களவென்றே நிறுவப்பட்டது. வரலாற்று நூல்களும் இதைப் பதிவு செய்துள்ளன. ஆனால், அந்நூல்களைப் படிக்கும்போது நம் உள்ளத்தில் ஒரு கேள்வி எழுகிறது. அவை நமக்கு அடிக்கடி சொல்லும் பெயர்கள் நான்கு: கலெக்டர் காரோ, பொக்கிஷக்காரர் காசிச் செட்டி, ஆணையர்கள் மன்றோ, சல்லிவன். ஒரு மாவட்டத்தின் கருவூலத்தில் நடந்த கையாடலை ஒருவர் மட்டும் தனியே செய்திருக்க இயலுமா? பணத்தை எண்ணியவர்கள் இருந்திருப்பார்கள். கணக்கை எழுதியவர்கள் இருந்திருப்பார்கள். வண்டியில் ஏற்றியவர்களும், வாசலில் காவல் நின்றவர்களும் இருந்திருப்பார்கள். கட்டிய தீர்வை மீண்டும் கேட்கப்பட்டதால் ஏர்மாட்டை விற்ற உழவனும் எங்கோ இருந்திருப்பான். இவர்கள் எல்லாரும் ஏதோ ஓரளவு அறிந்தவர்களே. அவர்களுள் வாய் திறந்தவர் எவர்? திறந்தவருக்கு என்ன நேர்ந்தது? திறவாதவரை எது தடுத்தது?

கதவு யாருக்குத் திறந்தது?

களவு வெளிப்பட்டபின் ஆட்சியாளர் செய்தது என்ன என்று பார்ப்போம். மன்றோ 1820இல் சென்னை மாகாண ஆளுநரானார். அவர் ஆளுநராக இருந்த காலத்திலேயே, 1822ஆம் ஆண்டின் 9ஆம் ஒழுங்குவிதி இயற்றப்பட்டது. கையாடல், இலஞ்சம், பொய்க்கணக்கு முதலிய குற்றங்களைச் செய்யும் வருவாய்த்துறை ஊழியரை விசாரிக்கவும், சுருட்டிய பணத்தை மீட்கவும் அது கலெக்டருக்கு அதிகாரம் அளித்தது. ஊழியருக்குக் குறைந்த ஊதியமும் நிறைந்த அதிகாரமும் கொடுத்துவிட்டு நேர்மையை எதிர்பார்ப்பது வீண் என்பதும் மன்றோவின் உறுதியான கருத்து. இந்நாட்டவரை நம்பி உயர்பதவிகள் தரவேண்டும் என்று 1824 டிசம்பரில் எழுதிய நீண்ட குறிப்பில் அவர் வாதிட்டார். இவை நல்ல நோக்கமுடைய செயல்களே.

ஆயினும் அந்த விதியைக் கூர்ந்து பார்த்தால் ஒன்று புலனாகும். அது மேலிருப்பவர் கீழிருப்பவரை விசாரிக்கும் வழி. கீழிருப்பவர் மேலே நடப்பதைச் சொல்ல வழி அன்று. கலெக்டர் விழித்திருந்தால் அது பயன்படும். கலெக்டரே உறங்கினால்? கோவையில் நடந்தது அதுதானே! நோய்க்குக் காரணமான இடத்திலேயே மருந்துப் பெட்டியின் சாவியையும் வைத்தது போன்றது இது.

மற்றொன்றும் உண்டு. 1816ஆம் ஆண்டின் ஒழுங்குவிதிகள் வழியாக, மன்றோ தலைமை தாங்கிய குழுவின் பரிந்துரைப்படி, காவல் அதிகாரமும் கலெக்டர், தாசில்தார் ஆகியோரின் கைக்கு மாறியது. வரி தண்டுபவரே காவலரும் ஆனார். தாசில்தார் மீது குறை சொல்ல விரும்பும் உழவன் அந்தத் தாசில்தாரிடமே போய் நிற்கவேண்டியதாயிற்று. நாட்டு மக்களை நேசித்த மன்றோவின் கையாலேயே இப்படி நேர்ந்தது வரலாற்றின் முரண்.

அந்த ஏற்பாட்டின் விளைவு நாற்பது ஆண்டுகளுக்குள் தெரிந்தது. சென்னையில் வாணிகராக இருந்து, 1844இல் ‘கிரசென்ட்’ என்ற இதழைத் தொடங்கியவரும், 1852இல் சென்னை மக்கள் சங்கத்தை நிறுவியவருமான கசுலு இலட்சுமிநரசு செட்டி, வரி தண்டுவதற்காக உழவர்கள் துன்புறுத்தப்படுவதை அம்பலப்படுத்தினார். 1853இல் இங்கிலாந்து நாடாளுமன்ற உறுப்பினர் டான்பி சீமோர் சென்னை மாகாணத்துக்கு வந்தபோது, ஊர்களுக்கு அழைத்துச் சென்று உண்மையைக் காணச் செய்தார். அதன் விளைவாக அமர்த்தப்பட்ட மூவர் ஆணையம், 1855இல் தன் அறிக்கையைத் தந்தது. அது குறைகேட்கத் தொடங்கிய சில மாதங்களில் நேரிலும் கடிதம் வழியாகவும் வந்து குவிந்த முறையீடுகள் 1,900க்கும் மேல். வருவாய் அதிகாரமும் காவல் அதிகாரமும் ஒரே கையில் இருந்தது பெருங்கேடு என்று கண்டறியப்பட்டது. 1859இல் தனிக் காவல்துறைச் சட்டம் வந்தது.

இந்த எண்ணிக்கையைச் சற்று நின்று எண்ணிப் பார்க்க வேண்டும். நேற்றுவரை வாய் திறவாதிருந்த மக்கள் இன்று ஆயிரக்கணக்கில் பேசுகின்றனர். அவர்கள் புதிதாகத் துணிவு பெற்றவர்கள் அல்லர். கேட்பதற்கு ஒரு செவி இருக்கிறது என்று அறிந்தார்கள், பேசினார்கள். மக்களின் மௌனத்தைக் கோழைத்தனம் என்று பழிப்பவர் இதை நினைவிற்கொள்ள வேண்டும். மௌனத்துக்குப் பெரும்பாலும் காரணம் மூடிய கதவே.

மன்னனுக்காகவும் தனக்காகவும்

கதவைத் திறந்து வைக்கும் வழிகளை உலகம் அறியாமல் இல்லை. நம் நாட்டுப் பழைய நூலாகிய அர்த்தசாத்திரமே இதற்குச் சான்று. அரசுப் பணத்தை ஊழியர் சுருட்டும் வழிகள் நாற்பது என்று எண்ணிச் சொல்லும் அந்நூல், கையாடலைத் தெரிவித்து மெய்ப்பிப்பவனுக்கு அத்தொகையில் ஆறில் ஒரு பங்கு பரிசு என்கிறது. தெரிவித்தவன் அரசு ஊழியனே ஆனால் பன்னிரண்டில் ஒரு பங்கு. கண்டதைச் சொல்வது ஊழியனின் கடமை என்பதால் அவனுக்குப் பாதிப் பங்கே போதும் என்று கருதினர் போலும்.

இங்கிலாந்தில் நடுக்காலம் தொட்டே வேறொரு முறை வளர்ந்தது. அரசை ஏமாற்றியவன்மீது எந்தக் குடிமகனும் அரசின் பெயரால் வழக்குத் தொடுக்கலாம். வென்றால் அபராதத்தில் அவனுக்கும் பங்குண்டு. ‘மன்னனுக்காகவும் தனக்காகவும்’ வழக்காடுபவன் என்று பொருள்படும் இலத்தீன் தொடரின் முதலிரு சொற்களைக் கொண்டு அதைக் ‘குயி தாம்’ வழக்கு என்றனர். திருவழிபாட்டில் இலத்தீன் கேட்டுப் பழகிய நம் மூத்தோருக்கு இச்சொற்களின் ஓசை அந்நியமாகத் தோன்றாது.

இம்முறைக்குப் புத்துயிர் தந்தவர் ஆபிரகாம் லிங்கன். அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது படைக்குப் பொருள் வழங்கிய வணிகர் சிலர், நோயுற்ற கோவேறு கழுதைகளையும், மழையில் நைந்துபோகும் சீருடைகளையும் கொடுத்து முழுவிலை பெற்றனர். போர்முனையில் நின்ற வீரன் அதன் விலையைத் தன் உயிரால் செலுத்தினான். 1863 மார்ச் 2ஆம் நாள் லிங்கன் கையெழுத்திட்ட பொய்க் கோரிக்கைச் சட்டம், அரசை ஏமாற்றியவர்மீது வழக்குத் தொடுக்கும் உரிமையைச் சாதாரண மனிதனுக்கும் அளித்தது. மீட்ட தொகையில் பாதி அவனுக்கு என்றது. 1943இல் அச்சட்டம் வலுவிழந்தது. 1986இல் மீண்டும் வலுப்பெற்றது. அதன்படி ஏமாற்றியவர் மும்மடங்கு செலுத்த வேண்டும். வழக்குத் தொடுத்தவருக்கு நூற்றுக்கு 15 முதல் 30 வரை பங்கு கிடைக்கும். வழக்கு முதலில் முத்திரையிடப்பட்டு மறைவாகவே இருக்கும். அரசு அதை ஆராய்ந்து தானும் சேர்ந்து வழக்காடுவதா என்று முடிவு செய்யும். தெரிவித்த ஊழியரைப் பழிவாங்கினால் அதற்கும் பரிகாரம் உண்டு.

இச்சட்டத்தின் வலிமையை இந்தியர் ஒருவரே உலகுக்குக் காட்டினார். ரான்பாக்சி மருந்து நிறுவனத்தில் பணியாற்றிய தினேஷ் தாக்குர், மருந்துகளின் சோதனை விவரங்கள் பொய்யாகத் தரப்படுவதைக் கண்டார். 2005இல் வேலையை விட்டு விலகினார். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறைக்குப் புனைபெயரில் எழுதினார். பின்னர் இச்சட்டத்தின்கீழ் வழக்குத் தொடுத்தார். 2013 மே மாதத்தில் அந்நிறுவனத்தின் அமெரிக்கக் கிளை குற்றத்தை ஒப்புக்கொண்டது. 50 கோடி டாலர் செலுத்த உடன்பட்டது. தாக்குரின் பங்காக ஏறத்தாழ 4 கோடியே 86 இலட்சம் டாலர் கிடைத்தது. அந்த எட்டாண்டுகளில் அவர் குடும்பம் அடைந்த அச்சத்தை எந்தத் தொகையும் ஈடுசெய்யாது. எனினும், உண்மை சொன்னவருக்கு நீதிமன்றத்தில் நிற்க ஓரிடமும், சட்டத்தில் ஒரு பெயரும் இருந்தன. மருந்து தயாரான ஆலைகள் இந்தியாவில் இருந்தன. கண்டு சொன்னவர் இந்தியர். அவர் நீதிக்காகக் கதவு தட்டிய இடமோ அமெரிக்கா. இது நம்மைச் சிந்திக்க வைக்க வேண்டாமா?

காட்டிக்கொடுப்பவரா, காப்பவரா?

பரிசு தந்து உண்மையைப் பெறுவது சரியா என்ற ஐயம் இங்கே எழும். அது நியாயமான ஐயமே. பழைய உரோமையில் குற்றஞ்சாட்டிப் பிழைப்பதையே தொழிலாகக் கொண்டவர்கள் நல்லோரையும் நடுங்க வைத்தனர். இங்கிலாந்திலும் தொழில்முறைத் தகவலாளிகளின் தொல்லை பெருகியதால், 1951இல் ஒரு சட்டத்தின் வழியாக அவர்களுக்குப் பங்கு தரும் பழைய வழக்கத்தை ஒழித்தனர். பணத்துக்காகப் பேசும் நா பொய்யையும் பேசக்கூடும். எனவே, பரிசைவிட மெய்ப்பிக்கும் கடமையும், பொய் சொன்னவருக்குத் தண்டனையும், மெய் சொன்னவருக்குப் பாதுகாப்பும் முதன்மையானவை என்றே நாம் கருதுகிறோம்.

நம் தயக்கத்துக்கு வேறொரு காரணமும் உண்டு. அது நம் மொழிக்குள்ளேயே இருக்கிறது. அலுவலகத்தில் நடக்கும் முறைகேட்டை வெளியே சொல்பவரை நாம் என்னவென்று அழைக்கிறோம்? ‘கோள் சொல்பவர்’, ‘போட்டுக் கொடுப்பவர்’, ‘காட்டிக் கொடுப்பவர்’. கடைசிச் சொல்லைக் கேட்டதும், முப்பது வெள்ளிக்காசு பெற்ற யூதாசின் முகமே கிறித்தவ உள்ளத்தில் தோன்றும். இப்பழிச்சொல்லை அஞ்சியே எத்தனையோ நல்லவர் வாய் மூடுகின்றனர். ஆனால், சற்று எண்ணிப் பார்ப்போம். யூதாசு காட்டிக் கொடுத்தது குற்றமற்றவரை. அதுவும் அதிகாரம் உடையவரின் கையில். முறைகேட்டை வெளிப்படுத்துபவரோ, அதிகாரம் உடையவரின் குற்றத்தை, குற்றமற்ற மக்களின் பொருட்டு வெளிப்படுத்துகிறார். இரண்டும் எதிரெதிர்த் திசைகள். இரண்டுக்கும் ஒரே சொல்லைச் சூட்டுவது சொல்லுக்கும் அநீதி, மனிதருக்கும் அநீதி. வள்ளுவர் புறங்கூறாமைக்கும் ஓர் அதிகாரம் வகுத்தார். நாட்டு நடப்பை மன்னன் அறிந்துகொள்ளும் ஒற்றாடலுக்கும் ஓர் அதிகாரம் வகுத்தார். இரண்டும் ஒன்றல்ல என்று அவர் நன்கறிந்திருந்தார்.

நம் நாட்டின் நிலை

விடுதலைக்குப் பின் நம் நாடு இத்துறையில் வாளாவிருந்துவிடவில்லை. தமிழரான கே. சந்தானம் தலைமையில் 1962இல் அமைந்த குழுவின் பரிந்துரைப்படி, 1964இல் மத்திய விழிப்புப்பணி ஆணையம் தோன்றியது. அதே ஆண்டில் தமிழகத்திலும் ஊழல் தடுப்பு மற்றும் கண்காணிப்புத் துறை அமைந்தது. 1997இல் தகவல் உரிமைக்கெனச் சட்டம் இயற்றி, தமிழ்நாடு பிற மாநிலங்களுக்கு முன்னோடியாயிற்று. 2005இல் நாடு முழுமைக்கும் தகவல் அறியும் உரிமைச் சட்டம் வந்தது. மராத்திக் கணக்கின்முன் விழித்து நின்ற கொங்கு உழவனின் பேரன், இன்று பத்து ரூபாய்க் கட்டணம் செலுத்திக் கணக்கைக் கேட்டுப் பெறலாம். இது சிறிய மாற்றமன்று.

ஆனால், கணக்கைக் கேட்பது ஒன்று. கண்ட களவைச் சொல்வது மற்றொன்று. தங்க நாற்கரச் சாலைத் திட்டத்தில் பணியாற்றிய பொறியாளர் சத்யேந்திர துபே, பீகாரில் நடந்த முறைகேடுகளைக் குறித்து 2002இல் பிரதமர் அலுவலகத்துக்கு எழுதினார். தம் பெயரை மறைத்து வைக்குமாறு வேண்டினார். அவ்வேண்டுகோள் காக்கப்படவில்லை, கடிதம் பெயரோடு பல மேசைகளுக்குச் சென்றது. 2003 நவம்பர் 27ஆம் நாள் கயை நகரில் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். அது வழிப்பறியின்போது நடந்த கொலை என்று 2010இல் நீதிமன்றம் முடிவு செய்தது. கொலையின் காரணம் எதுவாயினும், நம்பி எழுதியவரின் பெயரை மறைக்கத் தெரியாத அரசு இயந்திரத்தின் குற்றம் அதனால் மறைந்துவிடாது. நாடெங்கும் எழுந்த கொந்தளிப்பின் பயனாக, 2004 ஏப்ரலில் ஒரு தீர்மானம் வழியாக, தெரிவிப்போரின் முறையீடுகளைப் பெறும் பொறுப்பு மத்திய விழிப்புப்பணி ஆணையத்துக்குத் தரப்பட்டது. பத்தாண்டுகள் கழித்து, 2014 மே 9ஆம் நாள், தெரிவிப்போர் பாதுகாப்புச் சட்டம் குடியரசுத் தலைவரின் ஒப்புதலைப் பெற்றது. ஆனால், அச்சட்டம் நடைமுறைக்கு வரும் நாளை அரசு அறிவிக்காமலே ஆண்டுகள் ஓடிவிட்டன. கட்டி முடித்த வீட்டுக்குக் கதவு பொருத்தி, பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டு போனது போன்ற நிலை இது.

நம் பக்கத்து மாவட்டமாகிய நாமக்கல்லில் கலெக்டராக இருந்தபோது, 2009இல் தம் சொத்து விவரத்தை மக்கள் பார்வைக்கு வைத்தவர் உ. சகாயம். அவர் பின்னர் மதுரைக் கலெக்டராக இருந்தபோது, கருங்கல் வெட்டியெடுப்பில் நடந்த முறைகேட்டால் அரசுக்கு 16,000 கோடி ரூபாய்க்கு மேல் இழப்பு என்று 2012 மே மாதத்தில் அரசுக்கு எழுதினார். சில நாட்களிலேயே அவர் கோ-ஆப்டெக்ஸ் நிறுவனத்துக்கு மாற்றப்பட்டார். 2014இல் சென்னை உயர்நீதிமன்றம், ஒரு பொதுநல வழக்கில் அவரையே விசாரணை ஆணையராக அமர்த்தியது. 2015 நவம்பரில் அவர் தம் அறிக்கையை அளித்தார். கோவையில் காரோவின் காலத்தில் உறங்கிய நாற்காலியில், இங்கே விழித்திருக்கும் ஒருவர் அமர்ந்திருந்தார். ஆயினும், அவருக்கே இது நேர்ந்தது என்றால், ஓர் அலுவலகத்தின் மூலையில் அமர்ந்து பில் எழுதும் எளிய எழுத்தர் என்ன செய்வார்? அந்த எழுத்தரை நினைத்தே சட்டங்கள் இயற்றப்படவேண்டும் என்கிறோம்.

சக்கேயுவுக்காகக் காத்திருப்பதா?

நற்செய்தி நமக்கு ஒரு வரி அதிகாரியை அறிமுகம் செய்கிறது. எரிகோ நகரின் சக்கேயு, எவரையேனும் ஏமாற்றியிருந்தால் நான்மடங்காகத் திருப்பிக் கொடுப்பதாகத் தாமே முன்வந்து சொன்னார். லிங்கனின் சட்டம் இன்று கேட்பது மும்மடங்கு. சக்கேயுவின் மனச்சான்று கேட்டது நான்மடங்கு. மனம் திரும்பிய உள்ளம் சட்டத்தைவிடத் தாராளமானது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ? ஆனால், ஒவ்வொரு கச்சேரியிலும் ஒரு சக்கேயு தாமாக மரத்திலிருந்து இறங்கி வருவார் என்று மக்கள் காத்திருக்க இயலாது. காசிச் செட்டி தாமாக இறங்கி வரவில்லை. எவரோ பேசினர், எவரோ செவி கொடுத்தனர், அதன்பின்னரே உண்மை வெளிப்பட்டது.

நம்முள் பலர் அரசு அலுவலகங்களிலும், கூட்டுறவுச் சங்கங்களிலும், ஒப்பந்ததாரர்களிடமும் பணிபுரிகிறோம். போடாத சாலைக்குப் போட்ட பட்டியலையும், வராத ஆட்களுக்கு எழுதிய வருகைப் பதிவையும் நம்முள் சிலர் கண்டிருப்போம். ‘நமக்கேன் வம்பு’ என்று கையொப்பமிட்டுவிட்டு வீடு திரும்பிய நாட்களும் இருந்திருக்கும். அந்த நாட்களுக்காக எவரையும் இங்கே குற்றவாளிக் கூண்டில் ஏற்ற நாம் விரும்பவில்லை. குடும்பம் உடையவரின் அச்சத்தை நாமும் அறிவோம். ஆனால், பேசத் துணிந்த ஒருவர் நம்மிடையே இருந்தால், அவரைத் தனித்து நிற்க விடாமலிருக்க நம்மால் முடியும். அவர் வீட்டுத் திருமணத்துக்குப் போகலாம். அவர் பிள்ளைக்கு வேலை மறுக்கப்பட்டால் உடன் நின்று கேட்கலாம். கிராம சபையில் அவர் எழுந்து பேசும்போது அருகே எழுந்து நிற்கலாம். ‘காட்டிக் கொடுத்தவர்’ என்று எவரேனும் சொன்னால், ‘இல்லை, நம் பணத்தைக் காத்தவர்’ என்று திருத்தலாம். பூட்டியிருக்கும் சட்டத்தைத் திறக்குமாறு வாக்குக் கேட்டு வருவோரிடம் வலியுறுத்தலாம்.

இருநூறு ஆண்டுகளுக்கு முன், கோவைக் கச்சேரியின் திண்ணையில், எல்லாம் அறிந்தும் வாய் திறவாமல் அமர்ந்திருந்த ஒரு கணக்கரை நாம் மனக்கண்முன் கொண்டுவந்து பார்க்கிறோம். அவர் பெயரை வரலாறு குறித்து வைக்கவில்லை. அவர் தீயவராக இருந்திருக்க வேண்டியதில்லை. சொன்னால் கேட்பார் ஒருவர் இருந்திருந்தால், சொன்னபின் காப்பார் ஒருவர் இருந்திருந்தால், அவரும் பேசியிருப்பார். எங்கோ ஓர் உழவனின் ஏர்மாடு விலைபோகாமல் தப்பியிருக்கும். அடுத்த நவம்பர் 24ஆம் நாள் நம் நகரின் பிறந்தநாளைக் கொண்டாடும்போது, அந்தக் கணக்கரையும் அந்த உழவனையும் ஒருமுறை நினைத்துக்கொள்வோம்.